ஆறப்போட்ட நெல்

"மூணு மாசமா கண்ண மூடி உக்காந்துக்கிட்டே இருக்கேன், அம்மா. துக்கம் போகவே மாட்டேங்குது."

ஏகாம்பரம் மின்வாரியத்தில் முப்பது வருஷம் பொறியாளராக இருந்தவர். மகளைப் பறிகொடுத்த பதினாறாம் நாள், காரியம் முடிந்த கையோடு வேலையை உதறிவிட்டு இந்த ஆசிரமத்துக்கு வந்துவிட்டார். தினமும் ஐந்து மணி நேரம் தியானம். ஒருநாள்கூடத் தவறியதில்லை.

குரு அமுதவல்லி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கொட்டகையில் குவிந்திருந்த நெல்லைக் காட்டினார். வெளியே மழை விட்டபாடில்லை.

"அறுப்புல நனைஞ்சிடுச்சு. மொளைக்கிறதுக்குள்ள காயணும். மெஷினை நீங்க பாத்துக்குங்க, ஐயா."

உமி அடுப்பில் ஓடும் உலர்த்தி அது. ஏகாம்பரம் பாதி நெல்லைக் கொட்டினார். விடிந்ததும் மூட்டிய தீயை அணையவே விடவில்லை. பொழுது சாய்வதற்குள் நெல் சுக்காகக் காய்ந்துவிட்டது. ஒன்பது மூட்டை உமி போயிருந்தது.

அரைத்தார்கள். பாதிக்கு மேல் உடைந்து நொய்யாக விழுந்தது.

"நெல்லு பாக்க நல்லாத்தானே இருந்துச்சு?"

"கஞ்சிக்கு ஆகும்," என்றார் அமுதவல்லி.

மறு பாதியைக் காயவைக்கும்போது அவரே பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு மணி நேரம் ஆனதும், "அடுப்பை அணைங்க," என்றார்.

"இன்னும் ஈரம் இருக்கேம்மா."

"இருக்கட்டும்."

நெல்லைக் குவித்துச் சாக்குப் போட்டு மூடினார்கள். ஏகாம்பரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. மதியம் சாக்கை விலக்கிக் கையை விட்டார். காய்ந்திருந்த நெல் மறுபடி பிசுபிசுத்தது.

"கெட்டுச்சு போங்க! காஞ்சதெல்லாம் திரும்ப நனைஞ்சிடுச்சு."

"எங்கேருந்து நனைஞ்சுது?"

கூரையைப் பார்த்தார். ஒழுகவில்லை. தரையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு நெல்லை நகத்தால் உரித்துக் கடித்தார்.

"உள்ளேருந்து," என்றார் மெல்ல.

மறுபடி மூட்டினார்கள். மறுபடி ஆறப்போட்டார்கள். மூன்று நாள் ஆயிற்று. ஆறே மூட்டை உமி. அரிசி முழுசு முழுசாக விழுந்தது.

"உமியும் மிச்சம், அரிசியும் உடையல. நாள்தான் ரெண்டு கூட," என்றார் ஏகாம்பரம்.

"அந்த ரெண்டு நாள் நெல்லு என்ன செஞ்சுது?"

"ஒண்ணும் செய்யல. சும்மா கிடந்துச்சு."

அமுதவல்லி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"பொண்ணு பேரு என்ன, ஐயா?"

மூன்று மாதத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

"குழலி," என்றார் கடைசியில். "கார்குழலி."

பிறகு, "ஆஸ்பத்திரியிலேருந்து ரெண்டு தடவ போன் பண்ணா. மீட்டிங்ல இருந்தேன். ரெண்டு தடவையும் கட் பண்ணிட்டேன்."

அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. மூட்டைமேல் சரிந்து உட்கார்ந்து, அந்த ஐம்பத்தேழு வயது மனிதர் ஓவென்று அழுதார். அமுதவல்லி தேற்றவில்லை. நகரவும் இல்லை.

வெகுநேரம் கழித்து ஏகாம்பரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தியானத்துக்கு நேரமாச்சு. போறேம்மா."

"இன்னைக்கு வேண்டாம். சும்மா உக்காருங்க."