இருப்பதிலேயே நல்ல வீடு

சுபேதார் வீரபாகு பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று, அதே ராணுவக் குடியிருப்பின் குடும்ப நல மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அடி உதை நடக்கும் வீடுகளைக் கண்டறிந்து பெண்டு பிள்ளைகளைக் காப்பாற்றுவதுதான் அங்கே வேலை. அதைக் கற்றுக்கொடுத்தவர் ரெபேக்கா. சுபேதாரைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் சுபேதார் வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீடு வீடாகத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை என்பது சுபேதாரின் மனக்குறை. ஒருநாள் கேட்டேவிட்டார்.

“நம்ம லைன் வீடு பூராவும் சுத்திட்டேன் டீச்சர். அடிக்கிற வீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“நீங்க பாத்ததுலயே நல்ல வீடு எது சார்?”

அவர் யோசிக்கவே இல்லை. நாயக் பதவியில் இருக்கும் தவசியின் வீடு என்றார்.

“அங்க கூட்டிட்டுப் போங்க.”

வழக்கம்போல் தவசியின் யூனிட்டுக்கு முந்தின நாளே தகவல் சொல்லிவிட்டார் சுபேதார். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டுக்குள் நுழைவது அவர் வளர்ந்த பட்டாளத்தில் மரியாதை இல்லை. சொல்லிவிட்டுப் போனால் எந்த வீட்டில்தான் அழுக்கு இருக்கும்.

வீடு கண்ணாடியாய் மின்னியது. செருப்புகள்கூட வரிசை தப்பவில்லை. தவசியின் சின்னஞ்சிறு மகன் இனியன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். சுபேதாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிள்ளை வளர்த்தால் இப்படி வளர்க்க வேண்டும் என்பதுபோல டீச்சரைப் பார்த்தார்.

தவசியின் மனைவி செண்பகம் டீ கொண்டுவந்தாள். ரெபேக்கா ஒரு வாய் குடித்தார். பிறகு டம்ளரை மெல்லச் சாய்த்து மிச்சத்தைத் தரையில் ஊற்றினார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

“நான்தாங்க கொட்டிட்டேன்,” என்றாள் செண்பகம். அதைக் கணவனைப் பார்த்துச் சொன்னாள்.

பையன் ஓடிவந்து சட்டை நுனியால் தரையைத் துடைத்தான். துடைத்து முடித்ததும், யாரும் சொல்லாமலே மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

தவசி சிரித்தான். பொறுப்பான பையன் என்று சுபேதாரிடம் பெருமைப்பட்டுக்கொண்டான். போன மாதம் என்றால் சுபேதாரும் கூடச் சிரித்திருப்பார். இப்போது அவர் பையனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் வந்து தவசி வாசலுக்குப் போனான். ரெபேக்கா செண்பகத்திடம் தாழ்ந்த குரலில் பேசினார். மையத்தில் அறை இருக்கிறது, பிள்ளையோடு இப்போதே வந்துவிடலாம் என்றார். செண்பகம் மாட்டேன் என்று தலையாட்டினாள். குவார்ட்டர்ஸ் அவன் பேரில். கேன்டீன் அட்டை அவன் பேரில். ஊரில் அவளைப் பெற்றவர்களும் மாப்பிள்ளை பக்கம். காட்டுவதற்கு ஒரு காயம்கூட இல்லை. தயவுசெய்து கிளம்புங்கள் என்று கும்பிட்டாள்.

சுபேதார் எழுந்தார். “இவன் ஆபீசர்கிட்டப் பேசுறேன் டீச்சர். கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிடுவாரு.”

“வாங்கிக் கட்டிக்கிட்டு அந்தாளு எங்க வருவாரு?”

சுபேதார் மூலையைப் பார்த்தார். பையன் இன்னும் கையை இறக்கவில்லை.

“நாம போனதும் அந்த டீக்கு அடி விழுமே டீச்சர்.”

“அதான் நான் இன்னும் எந்திரிக்கல.”

எவ்வளவு நேரம் இப்படி உட்கார முடியும் என்று சுபேதார் கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து, “எஸ் சார், எஸ் சார்” என்று ஒரு குழந்தையின் குரல் கேட்டது. அந்த வீட்டையும் நல்ல வீடு என்று குறித்துவைத்தவர் சுபேதார்தான்.

“டீச்சர், பக்கத்து வீட்டுல?”

“நீங்க போய் உக்காருங்க சார். அதுக்கு அடுத்த வீட்டுக்குத்தான் ஆள் இல்ல.”