வேட்பாளர் முன் வாசித்த தாள்

குழந்தைவேலு முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ‘சார்’ ஆக இருந்தவர். ஓய்வுபெற்ற மறுவருஷம், தன்னைவிடப் பதினேழு வயது இளையவரான வக்கீல் ஜெயசீலியிடம் வேலை கற்றுக்கொள்ளப் போனார். ஜெயசீலியை அவர் ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார். ஜெயசீலி அவரைச் ‘சார்’ என்றார். இருவருக்குமே அது விளையாட்டாக இல்லை.

வேலை இதுதான். மருதங்குறிச்சித் தொகுதியில் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஜெயசீலி ஒவ்வொரு வேட்பாளரைப் பற்றியும் ஒரு தாள் அச்சிட்டு ஜனங்களுக்குக் கொடுப்பார். பள்ளிக்கூடங்களைப் பற்றி அந்த வேட்பாளர் இதுவரை என்ன பேசினார், என்ன கேட்டார், என்ன செய்தார் என்பது மட்டும் அதில் இருக்கும். எல்லாம் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கக்கூடிய அரசாங்கப் பதிவுகளில் இருந்து எடுத்தவை. மேடைப் பேச்சு இருக்காது. இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை இருக்காது. ஜனங்கள் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள்.

“தாணுமூர்த்தி தாளை நான் எழுதுறேன் டீச்சர்” என்று குழந்தைவேலு கேட்டு வாங்கிக்கொண்டார்.

தாணுமூர்த்தி அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ. மறுபடியும் நிற்கப்போகிறார் என்பது ஊருக்கே தெரியும். அவர் காலத்தில்தான் சேந்தன்குளம் தொடக்கப்பள்ளியைப் பூட்டினார்கள். பிள்ளைகள் குறைவு என்று சொல்லி, பைபாஸ் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளியோடு சேர்த்தார்கள். சேந்தன்குளம் பள்ளியின் கடைசித் தலைமையாசிரியர் குழந்தைவேலு. நான்காம் வகுப்பு முத்தரசி அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. ‘அந்த ரோட்டைத் தாண்டிப் பிள்ளையைத் தனியா எப்படி சார் அனுப்ப?’ என்று அவளுடைய அம்மா கேட்டாள்.

வேலையைத் தொடங்குமுன் ஜெயசீலியிடம் கேட்டார்.

“டீச்சர், மனசுல கோபம் இருக்கிறவன் இந்த வேலையைச் செய்யலாமா?”

“கோபம் இல்லாதவர் இந்த வேலைக்கு ஏன் சார் வரப்போறார்?”

குழந்தைவேலு சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் உட்கார்ந்தார். கண் எரியும்வரை படித்தார். கல்வித் துறை மானியக் கோரிக்கை விவாதம் ஒன்றில் தாணுமூர்த்தி பேசியது அகப்பட்டது. ‘பிள்ளைகள் மிகக் குறைவாக உள்ள பள்ளிகளை அருகிலுள்ள பள்ளியோடு இணைப்பதே நல்லது.’

குழந்தைவேலு பேனாவை எடுத்தார். அந்த வரியை அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த வரியையும் அவர் பார்த்தார். அது சும்மா ஒப்புக்குச் சொன்னது என்று தோன்றியது. விட்டுவிட்டார். தொகுதி மேம்பாட்டு நிதியில் தாணுமூர்த்தி ஓர் ஆய்வகமும் பெண்கள் பள்ளியில் கழிப்பறைகளும் கட்டியிருந்தார். அதெல்லாம் எல்லாரும் கட்டுவதுதான் என்று அதையும் விட்டார். சேந்தன்குளம் பள்ளி மூடியதை மட்டும் நாலு வரியில் எழுதினார். நாலு வரியும் சுட்டது.

தாளை ஜெயசீலியிடம் நீட்டினார். ஜெயசீலி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“சரி, வாங்க. அவர்கிட்ட வாசிச்சுக் காட்டிட்டு வருவோம்.”

“யார்கிட்ட?”

“தாணுமூர்த்திகிட்ட. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எந்தத் தாளையும் அந்த ஆளுக்கு முன்னால வாசிக்கணும். வாசிக்கும்போது நம்ம குரல் இறங்கக் கூடாது. அவ்வளவுதான்.”

தாணுமூர்த்தியின் அலுவலகம் அவருடைய இரும்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கட்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி இருந்தார்கள். ஜெயசீலி ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். குழந்தைவேலு நின்றபடியே வாசித்தார். வகுப்பறையில் வாசித்துப் பழகிய குரல், நன்றாகத்தான் எழும்பியது. சட்டமன்றத்தில் பேசிய வரிக்கு வந்ததும் தாணுமூர்த்தி கையை நீட்டித் தடுத்தார்.

“அடுத்த வரியையும் வாசிங்க வாத்தியாரே.”

குழந்தைவேலு தாளைப் பார்த்தார். தாளில் அடுத்த வரி இல்லை.

“எழுதலையா? பரவாயில்ல, எனக்கு மனப்பாடம். ‘பிள்ளைகள் போய்வர வண்டி ஏற்பாடு செய்த பிறகே அப்படி இணைக்க வேண்டும்.’ இது யார் சொன்னது? நான் சொன்னது. என்னைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிட்டுப் போங்க. உங்க பள்ளிக்கூடம் போன வயித்தெரிச்சலை ஏன் என் தலையில கொட்டுறீங்க?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். குழந்தைவேலு மீதியை வாசித்து முடித்தார். என்ன வாசித்தார் என்று அவர் காதுக்கே கேட்கவில்லை.

படி இறங்கும்போது கேட்டார்.

“அந்த வரியை நான் விட்டது உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?”

“தெரியும்.”

“தாளைக் கொடுத்தப்பவே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா எனக்காகச் சேர்த்திருப்பீங்க.”

இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள்.

“ஆனா வண்டி வரவே இல்லை டீச்சர். ஒருநாள்கூட வரலை. நான் அங்கதான் இருந்தேன்.”

“அப்போ அதையும் எழுதுவோம். எந்தப் பதிவுல இருக்கு?”

“என் கண்ணால பார்த்தேன்.”

“உங்க கண்ணைப் போய் ஜனங்க புரட்டிப் பார்க்க முடியாதே சார்.”

மறுநாள் குழந்தைவேலு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினார். ‘சேந்தன்குளம் பிள்ளைகளுக்கு ஏன் வண்டி விடவில்லை?’ என்று ஆரம்பித்திருந்தார். ஜெயசீலி அந்த ‘ஏன்’ மீது விரலை வைத்தார்.

“இதுக்குப் பதில் எந்தக் கோப்புலயும் இருக்காது சார். கோப்புல இருக்கிறதைக் கேளுங்க.”

குழந்தைவேலு அடித்துவிட்டு மறுபடி எழுதினார். பள்ளி இணைக்கப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை, வண்டி கேட்டுச் சட்டமன்ற உறுப்பினரிடமிருந்து கடிதம் ஏதும் வந்ததா? வந்திருந்தால் அதன் நகல் வேண்டும்.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அவர் சும்மா இருக்கவில்லை. தாணுமூர்த்தி பேசிய அத்தனை கூட்டத்தொடர்களின் குறிப்புகளையும் மறுபடி முதலிலிருந்து படித்தார். இந்தத் தடவை எதையும் தாண்டவில்லை. ஆய்வகத்துக்காக அவர் இரண்டு முறை எழுந்து கேட்டிருந்ததும், அமைச்சரை மடக்கியதும் அதில் இருந்தன. படிக்கும்போது குழந்தைவேலுவுக்கே ஒரு நிமிஷம் அவரைப் பிடித்திருந்தது. அது அவருக்குச் சங்கடமாக இருந்தது. இருந்தாலும் எழுதிக்கொண்டார்.

மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. ‘மனுவில் கண்டுள்ள பொருள் குறித்துச் சட்டமன்ற உறுப்பினரிடமிருந்து கடிதம் ஏதும் இவ்வலுவலகத்தில் பெறப்படவில்லை.’

குழந்தைவேலு புதுத் தாளில் ‘வண்டி கேட்கவே இல்லை’ என்று எழுதினார். எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே அடித்துவிட்டு, ‘அதன்பின் வண்டி கேட்டதாக நாங்கள் பார்த்த பதிவுகள் எதிலும் இல்லை’ என்று மாற்றினார்.

புதுத் தாளை வாசித்துக் காட்ட அவர் மறுபடி தாணுமூர்த்தியின் மாடிக்குப் போன அன்றைக்கும் ஜெயசீலி கூட வந்தார். அன்றைக்கும் ஓரமாகவே உட்கார்ந்தார்.

குழந்தைவேலு வாசித்தார். ஆய்வகம், கழிப்பறைகள், அமைச்சரிடம் கேட்ட கேள்விகள். கட்சிக்காரர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார். பிறகு சட்டமன்றப் பேச்சு. இணைக்க வேண்டும் என்ற வரி. வண்டி ஏற்பாடு செய்த பிறகே என்ற அடுத்த வரி. பள்ளி பூட்டப்பட்ட தேதி. கல்வி அலுவலகத்தின் பதில். பதிவுகளில் இல்லை என்ற கடைசி வாக்கியம்.

குரல் இறங்கவில்லை.

“அண்ணாச்சி, இதை அச்சடிக்க விடக் கூடாது” என்று ஒருவன் எழுந்தான்.

தாணுமூர்த்தி அவனைத் திரும்பிப் பார்த்தார். “இதுல எது பொய்னு சொல்லு.”

அவன் உட்கார்ந்துவிட்டான்.

தாணுமூர்த்தி தாளை வாங்கினார். தன்னுடைய அந்த வரியைத் தானே ஒருமுறை படித்துக்கொண்டார், உதடு மட்டும் அசைந்தது. கீழே கடையில் யாரோ கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அதன் பிறகும் அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அந்தப் பிள்ளைங்க இப்போ எப்படிப் போகுதுங்க சார்?” என்று கடைசியில் கேட்டார்.

“சில பேர் நடந்து போறாங்க. சில பேர் போகலை.”

தாணுமூர்த்தி தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “அச்சடிச்சுக்கோங்க” என்றார்.

பேருந்து நிறுத்தத்துக்கு வந்து இருவரும் நின்றார்கள். குழந்தைவேலுவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏன் இல்லை என்றும் அவருக்குத் தெரியவில்லை.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க சார்.”

“முதல் தாள்ல அவரைக் கிழிச்சு எழுதியிருந்தேன். அவர் எகிறிக்கிட்டு வந்தார், நாலு பேர் முன்னால ஜெயிச்சுட்டார். இதுல ஒரு கடுமையான வார்த்தை கிடையாது. அவர் கட்டின கழிப்பறையைக்கூட எழுதியிருக்கேன். இதுக்குப் போய் ஏன் வாயடைச்சு உக்காந்துட்டார்?”

பேருந்து வருவது தெரிந்தது. ஜெயசீலி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“முதல் தாள்ல நீங்க இருந்தீங்க சார். சண்டை போட அவருக்கு ஓர் ஆள் கிடைச்சது. இதுல அவரைத் தவிர யாருமே இல்லை.”