நாற்பத்திரண்டு பேரின் முதல் விருப்பம்

ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது இருபத்தேழு. சீடருக்கு நாற்பத்தாறு.

குருவின் பெயர் மாதேஸ்வரி. அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடை மாடியில் நெட் சென்டர் வைத்திருந்தார். சீடர் பெயர் தீர்த்தகிரி. ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடம் கிளார்க்காக இருந்தவர். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். வேலை கேட்டு மாடியேறி வந்தார். அன்றைக்கு மௌஸைப் பிடிக்கத் தெரியாமல் டிவி ரிமோட் மாதிரி தூக்கித் திரைக்கு நேராகக் காட்டினார். மாதேஸ்வரி சிரிக்காமல் சொல்லிக்கொடுத்தார். அதிலிருந்து குருவே என்றுதான் கூப்பிடுவார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். அதுவே நிலைத்துவிட்டது.

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் அந்த மாடிப்படியில் கால் வைக்க இடம் இருக்காது. பொறியியல் படிக்க விண்ணப்பம் போடுகிற பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போனார்கள். கலந்தாய்வு வந்ததும், வேண்டிய கல்லூரியையும் பாடத்தையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் பதிய வேண்டும். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும். அந்தப் பிள்ளையின் முறை வரும்போது, காலியாக இருப்பதில் எது மேலே எழுதியிருக்கிறதோ அதைக் கொடுக்கும். விஷயம் இவ்வளவுதான்.

இந்த வருடம் முதல் சுற்று நடந்தபோது குருவுக்கு டைபாய்டு. இருபது நாள் படுக்கை. மாடியைச் சீடர்தான் பார்த்துக்கொண்டார்.

குரு திரும்பி வந்தது இரண்டாம் சுற்றின் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் பட்டியலைப் பூட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு யார் நினைத்தாலும் மாற்ற முடியாது.

படியேறும்போதே பேனர் தெரிந்தது. சீடர் ஸ்டூல் மேல் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க குருவே. எப்படி இருக்கு, படிங்க."

குரு படித்தார். நாற்பத்திரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். நாற்பத்திரண்டு பேருக்கும் முதல் விருப்பமே கிடைத்தது!

"நெசமாவா அண்ணே?"

"ஒருத்தருக்குக்கூட ரெண்டாவது வரலை. மெட்ராஸ்ல ஏசி ரூம் போட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கே இப்படி வராது."

"அதான் நானும் யோசிக்கிறேன்."

மேசை மேல் ஒரு மைசூர்பாகுப் பெட்டி இருந்தது.

"நம்மகிட்ட பதிஞ்ச பொண்ணு சங்கவி குடுத்துட்டுப் போச்சு. அவங்கப்பா எனக்குக் கும்பிடு போட்டாரு பாருங்க, எனக்கே கூச்சமாப் போச்சு."

குரு ஒரு துண்டை எடுத்தார். "சங்கவி கட்-ஆஃப் எவ்வளவு?"

"இருநூத்துக்கு நூத்தித் தொண்ணூத்தொண்ணு."

"எங்க கிடைச்சிருக்கு?"

சீடர் சொன்னார். எட்டு கிலோமீட்டரில், ரோட்டோரத்தில் இருக்கிற கல்லூரி. மஞ்சள் பஸ் விட்டு ஊர் ஊராகப் பிள்ளைகளை ஏற்றுகிற கல்லூரி.

குரு கையில் இருந்ததைப் பெட்டியிலேயே வைத்தார்.

"பட்டியலைக் காட்டுங்க."

முதல் வரியில் மஞ்சள் பஸ் கல்லூரி. நாலாவது வரியில் சேலத்து அரசுக் கல்லூரி. ஏழாவதில் சென்னை.

"அண்ணே, நூத்துப் பத்து வாங்கின பையனுக்கே அங்க சீட்டு கெடக்குது. இவ நூத்தித் தொண்ணூத்தொண்ணு."

"அதனாலதான் உறுதியாக் கிடைச்சுது."

"அவ இதைத்தான் மொதல்ல கேட்டாளா?"

"அவ சேலம்தான் சொன்னா. போன வருஷக் கணக்கை எடுத்துப் பாத்தேன். நூத்தித் தொண்ணூத்திரண்டரைக்கு மூடிட்டாங்க. எதுக்கு வீணா மேல போடணும்னு கீழ எறக்கினேன்."

"மேல போட்டுக் கிடைக்கலைன்னா என்ன ஆகும்? அடுத்த வரியைப் பாக்கும். அதுவும் இல்லைன்னா அதுக்கு அடுத்தது. உங்க மஞ்ச பஸ்ஸு கடைசி வரியில நின்னாலும் அவளை ஏத்திக்கிட்டுத்தானே போயிருக்கும்?"

சீடர் ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"இப்ப மாத்த முடியாதா குருவே?"

"ஒத்துக்கிட்டுச் சேந்தாச்சு. முடிஞ்சுது. அவ சந்தோஷமா ஸ்வீட்டு குடுத்துட்டுப் போயிருக்கா. என்ன பறிபோச்சுன்னுகூட அவளுக்குத் தெரியாது. அந்த பேனரை அவுருங்க மொதல்ல."

சீடர் அவிழ்த்தார். ஆனால் மனசு ஒப்பவில்லை. ஒரு நோட்டை எடுத்து வந்து குரு முன்னால் விரித்தார். நாலு வருடக் கணக்கு. எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் எத்தனை மார்க்கோடு மூடியது என்று சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருந்தார். கம்ப்யூட்டர் பாடத்துக்கு எண் ஏறிக்கொண்டே போனது. சிவிலுக்கு இறங்கிக்கொண்டே வந்தது.

"நான் வாய்க்கு வந்ததைச் செய்யலை. இதைப் பாத்துத்தான் செஞ்சேன்."

குரு ஒரு எண்ணில் விரல் வைத்தார். "இது எப்படி வந்துச்சு?"

"அங்க கடைசியாச் சேந்த ஆளோட மார்க்கு."

"கேட்டவங்கள்ல கடைசி ஆளு. கேக்காதவங்க மார்க்கு இதுல எங்க இருக்கு?"

சீடர் நோட்டைப் பார்த்தார்.

"போன வருஷமும் உங்களை மாதிரி ஒருத்தரு ஒவ்வொரு ஊர்லயும் உட்கார்ந்து, இதெல்லாம் நமக்கு வராதுன்னு கீழ எறக்கியிருப்பாரு. எறக்கினவங்களை விட்டுட்டு மிச்சப் பேரை வெச்சு வந்த கணக்கு இது. இதை நம்பி இந்த வருஷமும் எறக்குனீங்க. அடுத்த வருஷ நோட்டுலயும் இதேதான் வரும்."

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா சாலம்மாள். மரவள்ளிக்கிழங்கு பிடுங்கப் போகிறவள். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள். மகள் கோபிகா, கட்-ஆஃப் நூற்று எழுபத்தைந்து. நேற்றே சீடர் அவளுடைய பட்டியலைப் பதிந்துவிட்டார். பூட்டுவதுதான் பாக்கி.

"சார், நம்பர் வந்தா சொல்லணும்னீங்களே. போனு எடுத்தாந்திருக்கேன்" என்றாள் சாலம்மாள்.

குரு பட்டியலைத் திறந்தார். முதல் வரியில் மஞ்சள் பஸ் கல்லூரி, கம்ப்யூட்டர். கீழே இன்னும் ஐந்து வரி, எல்லாம் கம்ப்யூட்டர்.

"கோபிகா, உனக்கு என்ன படிக்கணும்?"

பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சீடரைப் பார்த்தாள். சீடர் கீபோர்டைப் பார்த்தார்.

"அவங்களைப் பாக்காத. என்னைப் பாத்துச் சொல்லு."

"சிவிலு, அக்கா. சென்னையில, அந்தப் பெரிய காலேஜுல."

"யாரு சொன்னா சிவிலு எடுன்னு?"

"யாரும் சொல்லலை. எங்கப்பா பெங்களூருல கம்பி கட்டுறாரு. லீவுல போயிருந்தப்ப பாத்தேன். ஒரு அக்கா வெள்ளத் தொப்பி போட்டுக்கிட்டு, கையில பேப்பரோட நின்னாங்க. எங்கப்பா அவங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் கட்டுனாரு."

"இதை நேத்தே சொன்னியா?"

"சொன்னேன்."

சீடர் குறுக்கே வந்தார். "குருவே, இப்ப சிவிலு யாரும் போடுறதில்ல. அதுலயும் அந்தக் காலேஜு இவ பிரிவுக்குப் போன வருஷம் நூத்தி எழுபத்தேழு. ரெண்டு மார்க்கு கம்மி."

"சரி. அப்ப உனக்குக் கிடைக்காதுன்னு அவ மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க."

"நான் எப்ப குருவே அப்படிச் சொன்னேன்?"

"பட்டியல்ல சொல்லியிருக்கீங்களே. அதை வாயால சொல்லுங்க."

சீடர் பெண் பக்கம் திரும்பினார். பெண் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்டு, ஃபைலை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"பாப்பா... வந்து... சென்னை உனக்கு..."

அதற்கு மேல் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடியும் வரவில்லை.

"ஒருத்திகிட்ட சொல்ல வாய் வரலை. விரலு மட்டும் எப்படி அண்ணே நாப்பத்திரண்டு தடவை சொல்லுச்சு?"

சீடர் தலை கவிழ்ந்தது.

சாலம்மாளுக்குத் தாங்கவில்லை. "ஏம்மா அவரைத் திட்டுற? நல்லதுக்குத்தான செஞ்சாரு. அம்மாந்தூரம் போயி இவ எங்க தங்குவா?"

"காலேஜுக்குள்ளயே ஹாஸ்டல் இருக்கு."

"ஆசப்பட்டுக் கேட்டு இல்லைன்னுட்டா? ஊரு சிரிக்காதா?"

"மேல என்ன எழுதியிருந்தான்னு ஊருக்கு எப்படிம்மா தெரியும்? உங்க பொண்ணு சொன்னாத்தான் தெரியும்."

அவள் பயம் ஊரைப் பற்றி மட்டும் இல்லை என்று குருவுக்குத் தெரிந்தது. அதைப் பிடுங்கிக் கேட்கவில்லை.

கீபோர்டை நகர்த்திக் கோபிகாவின் முன்னால் வைத்தார். "நீயே அடி."

பெண் பழைய பட்டியலை அழித்தாள். ஒன்று என்ற இடத்தில் சேலத்துக் கல்லூரியைப் போட்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அவளே அதை இரண்டாவதுக்கு இறக்கிவிட்டு, மேலே சென்னையைப் போட்டாள். அடுத்தடுத்து இருபத்தாறு வரி. எல்லாம் சிவில். கடைசி வரியில் மஞ்சள் பஸ் கல்லூரி.

மணி நாலே முக்கால்.

"பூட்டணும். அம்மா போனுக்கு ஆறு நம்பர் வரும். அதை இங்க அடிச்சாத்தான் பூட்டும்" என்றார் குரு.

சாலம்மாளின் பட்டன் போன் ஒரு தடவை கத்தியது. அவள் அதைப் பார்த்தாள். முந்தானைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"அம்மா, சொல்லு."

சாலம்மாள் முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

சீடர் ஏதோ சொல்ல வந்தார். குரு கையைக் காட்டி நிறுத்தினார்.

நாலு ஐம்பது ஆயிற்று.

கோபிகா நாற்காலியைத் திருப்பி அம்மாவுக்கு நேராக உட்கார்ந்தாள். அழவில்லை. அவள் குரல்தான் கொஞ்சம் ஏறியது.

"உனக்கு இஷ்டமில்லைன்னா சொல்லாத. நான் சண்டை போடல. ஆனா நாளைக்கு யாராச்சும் கேட்டா, எம்பொண்ணுதான் வேணாம்னுட்டான்னு மட்டும் சொல்லிராத. நான் வேணும்னேன். எல்லார் முன்னாடியும் வேணும்னேன்."

சாலம்மாள் மகளைப் பார்த்தாள். இந்த மாதிரி அவள் பேசிக் கேட்டதில்லை போலிருந்தது.

"நீ போயிட்டா எனக்கு யாருடி இருக்கா?"

"செமஸ்டர் லீவுக்கு வருவேன்."

"உங்கப்பனும் தீபாவளிக்கு வருவேன்னுதான் சொல்லிட்டுப் போவான்."

"நான் வருவேன்."

சாலம்மாள் போனை வெளியே எடுத்தாள். தூரத்தில் பிடித்து, கண்ணை இடுக்கினாள்.

"எழுத்துதான் எனக்குத் தெரியாது. நம்பர் தெரியும்" என்றாள், யார் மேலோ கோபமாக. "நாலு. ஏழு. ரெண்டு. இன்னொரு ரெண்டு. ஒம்போது." நிறுத்தினாள். மகள் விரலைத் தூக்கியபடி காத்திருந்தாள்.

"ஒண்ணு."

நாலு ஐம்பத்து நாலுக்குப் பட்டியல் பூட்டியது.

இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். படியில் சாலம்மாள் மகளைத் திட்டிக்கொண்டே போவது கேட்டது. ஹாஸ்டலில் என்ன சாப்பாடு போடுவார்களோ, யார் கண்டது என்று திட்டினாள்.

சீடர் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"குருவே, எனக்குப் பதினெட்டு வயசுல விவசாயக் காலேஜுக்கு எழுதிப் போட்டேன். அது ஒண்ணுக்குத்தான் போட்டேன். ஒரு கார்டு வந்துச்சு. தங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை. போஸ்ட்மேன் டீக்கடையில நின்னு சத்தமாப் படிச்சுட்டுத்தான் எங்கிட்ட குடுத்தாரு. அந்தக் கார்டு வேற எந்தப் புள்ளைக்கும் வரக் கூடாதுன்னு இருந்தேன். வேற ஒண்ணும் இல்ல."

குருவின் கோபம் இறங்கவில்லை. ஆனால் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"உட்காருங்க அண்ணே."

சீடர் உட்காரவில்லை.

"இந்தப் பொண்ணுக்கும் சென்னை இல்லைன்னு வந்துட்டா?"

"வரட்டும். இல்லைன்னு சொல்றதுக்கு அங்க ஆளு இருக்காங்க, அவங்க வேலையை அவங்க பாப்பாங்க. உங்களுக்குக் கார்டு போட்டவங்களும் இல்லைன்னுதான் சொன்னாங்க. ஆனா உங்களைக் கேக்க விட்டுட்டுத்தான் சொன்னாங்க."