புது நிதி அதிகாரியின் பூர்வோத்திரம்

ஆறு பள்ளிகளின் பணப்பெட்டிச் சாவியைக் கொடுத்தார்கள்; வாங்கிக்கொண்ட ஆளின் பூர்வோத்திரத்தை யாரும் விசாரிக்கவில்லை. தப்பு அங்கேதான்.

புது நிதி அதிகாரி மகிபாலன், அரசுக் கருவூலத்தில் இருபது வருஷம் அதிகாரியாக இருந்தவராம். "இவருக்கு பில்லை எந்தப் பக்கம் புரட்டுறதுன்னே தெரியலையே" என்று டீ கொண்டுவந்த அட்டெண்டர் அம்மா முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. அந்த அம்மாவை நேரே தாளாளரிடம் இழுத்துப் போனார்.

"நான் பொய்யன்னு இவ இப்பவே நிரூபிக்கணும். இல்லைன்னா வேலையை விட்டுப் போகணும்."

தாளாளர் நெளிந்தார். அந்த அம்மா கும்பிட்டார்.

"வாய்க்கொழுப்பு சார், போயிடறேன். ஒரு சந்தேகம் மட்டும். மார்ச் கடைசியில மக வளைகாப்புக்கு ரெண்டு நாள் லீவு கேட்டேன், இங்க தரலை. உங்க கருவூலத்துல எப்படிங்க?"

மகிபாலன் நெஞ்சை நிமிர்த்தினார். "என்னை யார் தடுப்பா? இருபது வருஷமும் மார்ச் கடைசி வாரம் குடும்பத்தோட ஊட்டியிலதான் இருப்பேன்!"

"கொடுத்து வெச்சவர் சார். என் வீட்டுக்காரர் கருவூலத்துல வாட்ச்மேன். மார்ச் முப்பத்தொண்ணு அன்னிக்கு பில் பாஸ் பண்ண அதிகாரிங்க விடிய விடிய உட்காருவாங்க. தாலி கட்டக்கூட லீவு கிடையாது."

தாளாளர் கருவூலத்துக்குப் போன் போட்டார். முதல் நாளே போட்டிருக்க வேண்டிய போன். அப்படி ஓர் ஆள் அங்கே இருந்ததே இல்லை.

மகிபாலன் போனபின், தீர்மானப் புத்தகத்தில் விசாரணை செய்தவர் பெயரைத் தாளாளர் தன் கையாலேயே எழுதினார்: அட்டெண்டர் பவளக்கொடி.