கொட்டாவிப் பூதமும் மயிலை மாடும்

காலை நீட்டிப் படு. போர்வையை மூக்கு வரைக்கும் இழுக்காத, மூச்சு முட்டும். அத்தை கதை சொல்லணும்னா நீ ‘ம்’ போட்டுக்கிட்டே இருக்கணும். ம் நின்னுச்சு, நான் பாட்டுக்குத் திரும்பிப் படுத்துருவேன். சரியா அகிலு?

“ம்.”

ஒரு ஊர்ல ஒரு செக்கு இருந்துச்சாம். எள்ளைப் போட்டு எண்ணெய் ஆட்டுற மரச்செக்கு. மயிலைன்னு ஒரு மாடு அதைச் சுத்திச் சுத்தி வரும். கிர்ர்ரீச், கிர்ர்ரீச்னு சத்தம். தலை சுத்தக் கூடாதுன்னு மாட்டுக்குக் கண்ணைக் கட்டி விட்டிருப்பாங்க. செக்குல நீட்டிக்கிட்டிருக்குற கட்டை மேல உக்காந்து மாட்டை ஓட்டுறது வெள்ளத்தாயின்னு ஒரு பொண்ணு. உன் உசரம்தான் இருப்பா, வாய் மட்டும் உன்னைவிட நீளம்.

அவளுக்கு அப்பா இல்ல. அம்மா எண்ணெய்க் குடத்தைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா விக்கப் போயிருவா. அந்த மாடு நடந்தாத்தான் ரெண்டு பேருக்கும் கஞ்சி. ஆனா வெள்ளத்தாயிக்கு அலுப்புன்னா அலுப்பு, அப்படி ஒரு அலுப்பு.

ஒருநாள் கன்னத்துல கையை வச்சுக்கிட்டு, “சே! அதே வேப்பமரம்”னு சொன்னா. சொல்லிட்டு ஹாஆஆவ்னு ஒரு கொட்டாவி விட்டா.

லபக்!

என்ன லபக்கா? சொல்றேன், பறக்காத. அந்த ஊர்ல ஒரு கொட்டாவிப் பூதம் இருந்துச்சு. யாராவது ஒண்ணைப் பாத்து ‘அதேதானா’ன்னு மனசார அலுத்துக்கிட்டா, அந்தப் பொருள் பூதத்துக்குச் சொந்தம். வந்து முழுங்கிட்டுப் போயிரும். வேப்பமரம் வேரோட போயிருச்சு. இந்தப் பொண்ணுக்கு அதுகூடத் தெரியல! “என்ன இன்னிக்கு வெயில் இப்படிச் சுள்ளுனு அடிக்குது”ன்னு தலையில துணியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. எனக்கு வர்ற கோவத்துக்கு, நான் அங்க இருந்திருந்தா ஒரு கொட்டு வச்சிருப்பேன்.

அப்புறம் “அதே சேவலு”ன்னா. லபக்! கூவுறது நின்னு போச்சு. அதையும் இவ கவனிக்கல.

அப்புறம் மயிலையைப் பாத்தா. “அதே மாடு. அதே வாலு.”

ம் போடு.

“ம்.”

தட்டாம் புட்டாம்னு மதிலைத் தாண்டி வந்துச்சு பாரு பூதம்! சோத்துப் பானை மாதிரி வயிறு. வாயைத் தொறந்தா உள்ள ஒரே இருட்டு. மாட்டோட வாலைப் புடிச்சு ‘சுர்ர்’னு உறிஞ்ச ஆரம்பிச்சிருச்சு. மயிலை ‘ம்ம்மா’ன்னு கதறுது. அப்போதான் வெள்ளத்தாயி திரும்பிப் பாத்தா. குதிச்சு எறங்கி மாட்டுக் கழுத்தைக் கட்டிக்கிட்டா.

“விடு! இது எங்க மாடு!”

“நீதானே அலுத்துக்கிட்ட? இப்ப இது என் மாடு”னுச்சு பூதம், வாய் நெறைய வாலை வச்சுக்கிட்டு.

“பந்தயம் வச்சுக்கலாமா?”

பூதங்களுக்குப் பந்தயம்னா போதும், பசிகூட மறந்துரும். “சரி. இந்த மாட்டைப் பத்தி எனக்குத் தெரியாத மூணு சேதி சொல்லு. சொன்னா விட்டுட்டுப் போறேன். சொல்லலேன்னா இதையும் முழுங்குவேன், உன் செக்கையும் முழுங்குவேன்.”

வெள்ளத்தாயி திருதிருன்னு முழிச்சா. “அதுக்கு... நாலு காலு”ன்னா.

பூதம் சிரிச்ச சிரிப்புல ஓடு ரெண்டு கீழ விழுந்துச்சு. வால் இன்னும் ஒரு முழம் உள்ள போச்சு. அவளுக்கு அழுகையே வந்துருச்சு. பொறந்ததுலருந்து கூடவே இருக்குற மாடு, அதைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்லையேன்னு வெக்கமா இருந்துச்சு. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு மாட்டுக்கு முன்னாடி போயி நின்னா. மொத மொதலா அது மூஞ்சியை உத்துப் பாத்தா. வாயைப் பிரிச்சுப் பாத்தா.

“ஐயோ! இதுக்கு மேல்வரிசையில முன்பல்லே இல்ல! கீழ மட்டுந்தான் இருக்கு!”

“பொய்”னு சொல்லிப் பூதம் வாலைத் துப்பிட்டு வந்து எட்டிப் பாத்துச்சு. நெசந்தான், வெறும் ஈறு. “ம்க்கும். ஒண்ணு”னுச்சு.

அப்புறம் மூக்கைப் பாத்தா. ஈரமா, மேடும் பள்ளமுமா, கோடு கோடா இருக்கு. விடுவிடுன்னு பக்கத்து வீட்டுக்கு ஓடி அந்த மாட்டு மூக்கைப் பாத்தா. அடுத்த வீட்டுக்கு ஓடி அதையும் பாத்தா. மூச்சு வாங்கத் திரும்பி வந்து, “ஒரு மாட்டு மூக்குல இருக்குற கோடு இன்னொண்ணுக்கு இல்ல! நம்ம கைரேகை மாதிரி!”ன்னா. பூதம் நம்பல. அந்த ரெண்டு வீட்டுக்கும் நடந்து போயி, மயிலையோடதையும் சேத்து மூணு மூக்கையும் தடவிப் பாத்துட்டு வந்துச்சு. “ரெண்டு”னு முணுமுணுத்துச்சு.

இன்னும் ஒண்ணு. பொழுது ஏறிக்கிட்டே போகுது. அவ மாட்டை மெதுவா நடக்க விட்டா. கிர்ர்ரீச், கிர்ர்ரீச். அப்போ பாரு, கெழக்குச் சுவரைத் தாண்டுறப்போ மயிலையோட இடது காது மட்டும் ‘டிக்’னு வெளிப்பக்கம் திரும்புது. அடுத்த சுத்துலயும் அங்கதான். அதுக்கடுத்த சுத்துலயும் அங்கயேதான்.

“பூதமே, இந்தக் காது அந்த எடத்துல ஏன் திரும்புது?”

“ஏன்?”

“எனக்கும் தெரியாது.”

“கேள்வியெல்லாம் சேதி ஆகாது. நீ தோத்துட்ட!” பூதம் மாட்டை முழுங்க வாயைத் தொறக்கப் பாத்துச்சு. கொட்டாவி விட்டாத்தான் முழுங்குற அளவுக்கு அதுக்கு வாய் தொறக்கும். ஆனா கொட்டாவி வரல! ‘ஹா... ஹா...’ன்னு இழுத்துப் பாக்குது, வர மாட்டேங்குது. மண்டைக்குள்ள என்னமோ குறுகுறுங்குது.

“ஏய் பொண்ணு, அது ஏன் திரும்புது?”

“தெரியாதுன்னேனே!”

“எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும்! இன்னொரு சுத்து விடு!”

அப்புறம் என்ன, முன்னாடி மாடு, பின்னாடி பொண்ணு, அதுக்குப் பின்னாடி பூதம். காது ‘டிக்’னு திரும்புன எடத்துல ரெண்டு பேரும் சுவத்துல காதை வச்சாங்க.

ங்ங்ங்ங்ங்...

சுவத்துல ஒரு சின்ன ஓட்டை. உள்ள எறும்பு அளவு கொசுத்தேனீங்க கூடு கட்டியிருக்கு. கண்ணைக் கட்டி விட்ட மாட்டுக்கு அது எத்தனையோ நாளா தெரிஞ்சிருக்கு. கண்ணைத் தொறந்துக்கிட்டு மேல உக்காந்திருந்தவளுக்குத் தெரியல.

“ஐ!”னு கத்துச்சு பூதம், சின்னப் புள்ளை மாதிரி. “இது எனக்குத் தெரியாதே!”

“அப்போ மூணு!”ன்னு குதிச்சா வெள்ளத்தாயி.

தூங்கிட்டியா?

“ம்ஹூம்.”

ஆச்சரியப்பட்ட பூதத்துக்கு வயித்துல ஒண்ணும் தங்காது. டமால்! வேப்பமரம் வந்து நட்டுக்கிச்சு. சேவல் றெக்கையை அடிச்சுக்கிட்டு ‘கொக்கரக்கோ’ன்னுச்சு. அப்புறம் யார் யாரோ அலுத்துக்கிட்ட அம்மிக்கல்லு, கட்டில், கோயில் மணி, எதுத்த தெரு மாமியார் ஒருத்தி, எல்லாம் வரிசையா வெளிய வந்துச்சு. அந்த மாமியார் வந்ததும் “என் மருமவ எங்க?”ன்னு கேட்டுக்கிட்டே விறுவிறுன்னு போனா. பூதம் எலுமிச்சம்பழம் சைசுக்குச் சுருங்கிருச்சு. சுருங்குனதுக்கு அது கவலையே படல. சுவத்துல ஒட்டிக்கிட்டு, “உள்ள எத்தனை தேனீ இருக்கும்?”னு அதுபாட்டுக்கு எண்ண ஆரம்பிச்சிருச்சு.

ஊரே தெரண்டு வந்துருச்சு. டும் டும்முனு மேளம்! பொருள் திரும்பக் கெடைச்சவங்க எல்லாம் வெள்ளத்தாயியைத் தூக்கி மயிலை மேல உக்கார வச்சாங்க. எண்ணெய் வித்துட்டு வந்த அவ அம்மாவுக்கு ஒண்ணும் புரியல, ஆனா சந்தோஷத்துல அழுதா. வெள்ளத்தாயி குனிஞ்சு மாட்டுக் கண்ணுல கட்டியிருந்த துணியை அவுத்து விட்டா. பொறந்ததுலருந்து வட்டமாவே நடந்த மாடு, அன்னிக்குத்தான் நேரா நடந்துச்சு.

ஆனா ஊர்வலம் எங்க நகருது? மாடு ஒவ்வொரு வாசல்லயும் நின்னு கோலத்தை மோந்து பாக்குது. மேல இருக்குறவ, “இது என்ன புள்ளி? அந்தக் கதவுல ஏன் ரெண்டு ஓட்டை? இந்த நாய்க்கு ஏன் ஒரு காது மடங்கியிருக்கு?”ன்னு கேட்டுக்கிட்டே வர்றா. மேளம் அடிக்கிறவருக்குக் கையே வலிச்சுப் போச்சு. மத்தியானம் கெளம்புன ஊர்வலம் பொழுது சாயுறப்போ முதல் தெருவையே தாண்டல. யாருக்கும் அலுக்கவும் இல்ல.

கதையும் மாட்டுக் கொட்டாய்க்குத் திரும்பிருச்சு, மாடும் படுத்துருச்சு. நீயும் கண்ணை மூடிக்கோ சாமி.