வண்டி ஏறாத குவியல்

ஒரு நகரத்துக்கு வெளியே கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்று இருந்தது. தண்ணீர் தெளிந்து வாய்க்காலுக்குப் போய்விடும். அடியில் தங்கும் வண்டலைக் காயவைத்துக் களத்தின் இரண்டு ஓரங்களில் குவித்துவைப்பார்கள். கிழக்குக் குவியல் வீட்டுச் சாக்கடைகளிலிருந்து வந்தது. மேற்குக் குவியல் முலாம் பூசும் பட்டறைத் தெருவிலிருந்து வந்தது.

இரண்டையும் தேடி யாரும் வந்ததில்லை. நாற்றம் போய் வெகுகாலம் ஆன பிறகும், சாலையில் போகிறவர்கள் அந்த இடம் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மாட்டுச்சாணம் ஏற்றிய வண்டியைக் கண்டால் கிழக்குக் குவியல் குரல் கொடுக்கும்: “நானும் எருதான்!”

“எனக்குத் தொழுவம் உண்டு. நீ யார் வீட்டு எரு?” என்று சாணம் ஒருமுறை கேட்டது. குவியலுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு பெயர்கூட இல்லை. அதற்குப் பிறகு சாணம் கேட்கவும் இல்லை.

பேச்சுத்துணைக்கு மேற்குக் குவியல் மட்டுமே இருந்தது. வெயில் தாழ்ந்ததும் இரண்டும் களத்தின் குறுக்கே பேசிக்கொள்ளும். மழை வருமா, எந்தப் பக்கம் மேகம், அவ்வளவுதான். அதுவே இரண்டுக்கும் போதுமானதாக இருந்தது.

ஒரு கோடை மழைக்குப் பின் கிழக்குக் குவியலின் மேல் தக்காளிச் செடிகள் முளைத்தன. நகரம் தின்று கழித்த விதைகள்.

“காகம் போட்ட விதை உன்மேலும் முளைத்ததே, எங்கே காணோம்?” என்று அது கேட்டது.

“ஆடு மேய்ந்துவிட்டது” என்றது மேற்கு. அந்தப் பக்கம் ஆடு வருவதே இல்லை.

மழை விட்ட சில நாட்களில் நாச்சம்மாள் என்ற விவசாயி வந்தாள். வருஷக்கணக்காக யூரியா மட்டுமே கண்ட அவளுடைய பருத்திக்காடு ஓடுபோல் இறுகிவிட்டிருந்தது. கூட வந்த பக்கத்துக் காட்டுக்காரர் குமாரவேலு முகத்தைச் சுளித்தார்.

“ஏனுங்க நாச்சம்மா, ஊரு சாக்கடையக் கொண்டுபோயா காட்டுல கொட்டப் போறீங்க?”

“நேத்து நாம தின்ன சோறுதானுங்களே இது. மண்ணுல இருந்து வந்தது மண்ணுக்குப் போகட்டும்” என்றாள் அவள். குனிந்து கிழக்குக் குவியலில் ஒரு பிடி அள்ளினாள். முதன்முதலாக ஒரு மனிதக் கை. குவியல் சிலிர்த்துப்போனது.

ஆனால் அவள் அந்தப் பிடியைத் திரும்பக் கொட்டிவிட்டாள். “நிலையத்துக்காரங்க சோதிச்சுப் பாத்து நல்லதுன்னு சொல்லட்டும். அப்பறம் எடுத்துக்கறேன். எங்காட்டுக் கிணத்துத் தண்ணியத்தான் எங்க ஊட்டுப் புள்ளைங்க குடிக்குது.”

மறுநாள் சோதனை என்று களத்தில் பேச்சு அடிபட்டது. கிழக்குக் குவியல் மகிழ்ந்தது. “நாம் இரண்டு பேரும் போய்விடலாம்!”

மேற்கு சொன்னது: “என்மேல் முளைத்ததை ஆடு மேயவில்லை. அது கருகியது. என் உடம்பில் பட்டறை விஷம் இருக்கிறது.”

கிழக்கு காற்றைக் கூப்பிட்டது. “எங்கள் இருவரையும் கலந்துவிடு. என்னோடு கலந்தால் இவன் விஷம் மட்டுப்படும். சோதனையில் தெரியாது.”

“ஒரு மாலை வீசினால் போதும்” என்றது காற்று.

“வேண்டாம்” என்றது மேற்கு. “சோதனைக்குத் தெரியாமல் போகலாம். வருஷா வருஷம் கொட்டினால் வேருக்குத் தெரியும். அந்தக் கிணற்றுக்குத் தெரியும்.”

“நீ இல்லாமல் நான் எப்படிப் போவேன்?”

மேற்கு, மழையில் நனைந்து காய்ந்திருந்த தன் மேலோட்டை இறுக்கிக்கொண்டது. காற்று முட்டிப் பார்த்தது. ஒரு துகளும் பெயரவில்லை.

நிலையத்தின் ஆய்வாளர் தில்லைநாயகி வந்து இரண்டிலிருந்தும் மண்வெட்டியால் எடுத்துப் போனார். முடிவு வந்ததும் நாச்சம்மாளை வரவழைத்தார்.

“கிழக்கால இருக்கறதை எடுத்துக்கங்கம்மா. பருத்திக்குப் போடலாம். கீரை, காய்கறிக்குக் கூடாது. அளவு மீறக் கூடாது. சாணம்னு சொல்லி யாரும் விக்கவும் கூடாது, மூட்டைமேல இதோட பேரையே எழுதித்தான் அனுப்புவோம். மேற்கால இருக்கறது வெளிய போகாது. கீழ கசியாம விரிப்புப் போட்ட குழியில இறக்கி, மேல சிமெண்ட் போட்டு மூடிடுவோம்.”

மூட்டைகளில் ‘சுத்திகரித்த சாக்கடை வண்டல்’ என்று பெரிய எழுத்தில் எழுதினார்கள். கிழக்குக் குவியலுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்லிக் காட்ட எதிர் ஓரத்தைப் பார்த்தது. அங்கே குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“போய் வா” என்றது மேற்கு. “மழை வந்தால் நன்றாக ஊறு.”

வண்டி நகர்ந்தது.

நாச்சம்மாள் தன் கையாலேயே அதைக் காடு முழுக்க இறைத்தாள். வேலிக்கு அப்பால் நின்று பார்த்த குமாரவேலு இந்த முறை முகத்தைச் சுளிக்கவில்லை. முதல் உழவிலேயே இறுகிய மண் உதிர்ந்து, வண்டலைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

“வா, வா. இவ்வளவு தூரம் தனியாகவா வந்தாய்?” என்று மண் கேட்டது.

“ஒருவன் வராமல் இருந்தான்” என்றது வண்டல். “அதனால்தான் நான் வர முடிந்தது.”