ஞானாபரணம் கொடுத்த குறடு

"என் குறடை மட்டும் ஏன் தனியா அவிக்கிற, செண்பகம்?" என்று கேட்டார் டாக்டர் பூரணி.

செண்பகம் இருபது வருடமாக அந்தப் பல் மருத்துவமனையில் கருவிகளைக் கழுவி, ஆவியில் அவித்துக் கொடுப்பவர்.

"அது இரும்பு, டாக்டரம்மா. மத்ததெல்லாம் எவர்சில்வர்."

"எல்லாம் ஒண்ணு மாதிரிதானே மின்னுது."

"உங்களுது மின்னுறது முலாம்."

"அதுக்காக ஊரைவிட்டுத் தள்ளி வச்சிருவியா?"

"துரு ஒட்டுவாரொட்டி. சேர்ந்து வெந்தா மத்ததுலயும் ஏறிரும்."

பூரணி அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

பேராசிரியர் ஞானாபரணம் கொடுத்த குறடு அது. பூரணி முதல் பல்லை எடுத்த நாளில், பேராசிரியர் தன் கையை அவர் கைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். அந்தச் சூடு இன்னும் கைப்பிடியில் இருப்பதாகப் பூரணிக்கு ஒரு நினைப்பு.

வியாழக்கிழமை ஞானாபரணமே வந்தார். எண்பத்திரண்டு வயது. ஆட்டம் கண்ட கடைவாய்ப் பல்.

"அந்தக் குறடு இருக்கா, பூரணி?"

"உங்க பல்லை அதாலதான் எடுக்கப் போறேன், சார்."

"நான் குடுத்தது எனக்கே வருது." சிரித்தார். "பாத்து எடும்மா. எனக்குச் சர்க்கரை. ஒரு கீறல் பட்டாலே சீழ் வச்சிருது."

செண்பகம் தட்டைக் கொண்டுவந்தார்.

குறடை ஒரு வெள்ளைத் துணியின்மேல் பிடித்து, இரண்டு முறை திறந்து மூடினார்.

துணியில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. கண்ணிமை முடி அளவு.

"அவிச்சதுதானே?" என்றார் பூரணி, மெதுவாக.

"மூணு தடவை. முலாம் உரிஞ்ச இடத்துல குழி விழுந்திருக்கு. பிரஷ் போகல."

"என்னம்மா பாக்குற?" நாற்காலியிலிருந்து குரல்.

"ஒண்ணும் இல்ல, சார். வாயைத் திறங்க."

பூரணி கையை நீட்டினார். நீட்டிய கையில் எவர்சில்வர் குறடு வந்து உட்கார்ந்தது. தட்டின் ஓரத்தில் அது முன்பே காத்திருந்தது.

பல் வந்தது.

வாயில் பஞ்சைக் கடித்தபடி, ஞானாபரணம் தன் குறடைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

பூரணி துணியைக் காட்டினார்.

"உங்க வாய்க்குள்ள வைக்க மனசு வரல, சார்."

அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "போன வாரம் இதையே ஒரு டிரைவர் வாயில வச்சேன்."

கிழவர் பூரணியின் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய பிடி. பிறகு குறடை அந்தத் துணியிலேயே சுற்றித் தன் சட்டைப்பையில் போட்டார்.

எழுந்து, செண்பகத்தைப் பார்த்துக் கைகூப்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

பூரணியின் கைகளும் குவிந்திருந்தன.

"பஞ்சைக் கடிங்க, ஐயா," என்றார் செண்பகம். "அரைமணி நேரம் பேசக் கூடாது."